அங்காலைக்காரர்

ரொறன்ரோத் தமிழரில் எத்தனையோ வகையினரை நாங்கள் பார்த்துவிட்டோம். கலியாண மண்டபத்தில் மாப்பிள்ளையைவிட முன்னுக்கு நிற்கிறவர், செத்த வீட்டில் சாப்பாட்டு ஓடர் எடுக்கிறவர், எந்தக் கூட்டத்திலும் ஒலிவாங்கியைத் தட்டி ‘கேக்குதா?’ என்று கேட்கவே பிறந்தவர். இவர்களைப் பற்றியெல்லாம் ஆட்கள் எழுதிவிட்டார்கள். ஒருவரும் தொடாமல் விட்ட இனம் ஒன்று இருக்கிறது. அவருக்கு நான் வைத்த பெயர் அங்காலைக்காரர்.

‘உதை அங்காலை போடு’ என்று நாளுக்கு இருபது தரம் சொல்கிறவர் எவரோ, அவரே அங்காலைக்காரர். அங்காலை என்றால் அந்தப் பக்கம்; எந்தப் பக்கம் என்று கேட்டுப் பாருங்கள். கை ஒரு பக்கம் நீளும். முகம் மற்றப் பக்கம் திரும்பும். அவ்வளவுதான் விலாசம்.

கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். இவரைப்போலச் சுத்தக்காரர் கிடையாது. சோபாவுக்கு உறை, உறைக்கு மேல் பிளாஸ்ரிக், பிளாஸ்ரிக்குக்கு மேல் ஒரு துவாய். குசினித் தரையில் ஒரு பருக்கை விழுந்தாலும் பொறுக்கமாட்டார். ஆனால் அந்தப் பருக்கை வாசற்படியைத் தாண்டிவிட்டால் போதும், அது உலகத்தில் இல்லாத பொருளாகிவிடும். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினெட்டாம் மாடியில் குடியிருந்த காலத்தில், நடையின் கடைசியில் சுவரோடு இருக்கும் குப்பைத் துவாரத்தைத் திறந்து, ஒரு முழுத் தலையணையைத் திணித்து, போகாததால் தும்புத்தடியால் இடித்து, அதுவும் போகாததால் முழங்காலால் உதைத்து உள்ளே அனுப்பி, அது எட்டாம் மாடியில் இறுகிப்போய்க் கட்டடம் முழுக்க மூன்று நாள் நாறியபோது, லிஃப்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு ‘என்ன சனமப்பா, ஒரு மனச்சாட்சியும் இல்லை’ என்று சொன்னவர் யார்? அவரேதான். உண்மையான வேதனையோடு சொன்னார்.

இந்த இனத்தில் நான் நெருங்கிப் பழகிய ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். விநாயகமூர்த்தி அண்ணை. வெக்ஸ்போர்டில் சொந்த வீடு, ரதி அக்கா என்று பொறுமையே உருவான ஒரு மனைவி, எந்த மேடையிலும் கடதாசி பார்க்காமல் முக்கால் மணித்தியாலம் இங்கிலிஷில் பேசும் வல்லமை. இவர் வீடு வாங்கிய வருடம் நகரசபை வீட்டுக்கு வீடு நீலப் பெட்டி கொடுத்தது. பத்திரிகை, போத்தல், தகரப் பேணி மூன்றையும் அதில் போட்டு வாசலில் வையுங்கள், நாங்கள் எடுத்துப்போய்த் திரும்பவும் பாவனைக்குக் கொண்டுவருவோம் என்று ஒரு துண்டுப் பிரசுரமும் தந்தார்கள். மூர்த்தி அண்ணை பிரசுரத்தை வாசிக்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. ஏன் கலங்காது? அரசாங்கமே அங்காலைக்கு ஒரு பெட்டி செய்து வாசலில் கொண்டுவந்து தந்தால்?

அன்று தொடக்கம் அவர் வீட்டில் குப்பை என்று ஒன்றில்லை, எல்லாம் ‘றீசைக்கிள்’. நெளிந்த சட்டி, ஒற்றைச் சப்பாத்து, பிறந்தநாள் கொண்டாட்டத்தில் மிஞ்சிய, கறி வழியும், ஒரு தரம் பாவித்து எறிகிற றெஜிபோம் தட்டுகள் எழுபது, தேங்காய்ச் சிரட்டை.

“அண்ணை, சிரட்டையையும் எடுப்பினமோ?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எடுப்பினம். அவங்கள் எல்லாத்துக்கும் மெஷின் வைச்சிருக்கிறாங்கள்.”

“எடுத்து என்ன செய்வினம்?”

“அது அவங்கடை பாடு. உமக்கேன் உந்தத் தலையிடி?”

திருவி உறையவைத்த தேங்காய்ப்பூப் பைக்கற் கடைகளுக்கு வந்ததும் ரதி அக்காவின் திருவலைக்கு வேலை போய்விட்டது. குந்தியிருந்து தேங்காய் திருவும் பலகை. முன்னால் நாக்கு நீட்டிக்கொண்டு பல்லு வைத்த இரும்பு. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து மொஸ்கோ, மொஸ்கோவிலிருந்து இங்கே என்று பெட்டிக்குள் பதுங்கி வந்த சாமான். ஒரு கிழமை அது பேஸ்மென்ற் படியில் கிடந்தது. அடுத்த கிழமை நீலப் பெட்டியில் கிடந்தது.

“இஞ்சேருங்கோ, உதை எடுக்கமாட்டினம்” என்றார் ரதி அக்கா.

“ஏன் எடுக்கமாட்டினம்? இரும்பு எடுக்கிறான்தானே? பலகை என்ன, மரம். கடதாசி என்ன, மரம். கடதாசி எடுக்கிறவன் பலகை எடுக்கமாட்டானோ?”

மறுமொழி சொல்ல முடியாத நியாயம். லொறி வந்தது. திருவலை போனது. மூர்த்தி அண்ணை திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு, பூமாதேவிக்கு ஒரு பெரிய உபகாரம் செய்த களைப்போடு தேத்தண்ணி கேட்டார்.

நீலப் பெட்டிக்குள் அடங்காத மிச்சக் குப்பைக்கு லொறி வெள்ளிக்கிழமை காலையில் வரும். இங்கேதான் சிக்கல். வெள்ளிக்கிழமையில் வீட்டிலிருந்து குப்பையை வெளியே போட்டால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பது மூர்த்தி அண்ணையின் கொள்கை. சரி, வியாழன் இரவே வைத்துவிடலாமே? விளக்கு வைத்த பிறகு குப்பை வெளியே போகக் கூடாது. விளக்கு வைக்க முதல்? அப்போது அவர் வேலையில். ஆகவே சனிக்கிழமை காலையில், மூன்று கறுப்புப் பைகளை வானின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் வடக்கே ஓடி, தன் சிநேகிதன் அகஸ்ரினின் வளவில் இறக்கிவிட்டு, ஒரு பை தக்காளியோடு திரும்பி வருவார். “அகஸ்ரின் வேதக்காரன்தானே. அவனுக்கு லட்சுமிப் பிரச்சினை இல்லை” என்பது விளக்கம்.

அகஸ்ரின் மன்னார் ஆள். பத்து வருடம் கார்க் கதிரை தைக்கும் தொழிற்சாலையில் இரண்டு ஷிஃப்ட் அடித்துச் சேர்த்ததையெல்லாம் போட்டு, 93இல் மூன்று ஏக்கரும் ஒரு வீடும் ஒரு கிணறும் வாங்கினார். நகரத்துத் தண்ணீர்க் குழாய் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்ததில்லை. குடிக்க, குளிக்க, தக்காளிக்கு விட எல்லாவற்றுக்கும் அந்தக் கிணறு ஒன்றுதான். விலை ஏன் இவ்வளவு மலிவு என்று அவர் கேட்கவில்லை. தெற்குக் காற்று வீசிய முதல் நாளே விடை வந்து மூக்கில் ஏறியது. தட்டையாகக் கிடந்த அந்தக் கிராமத்தில் அவருடைய வேலிக்கு அப்பால் மட்டும் ஒரு மலை இருந்தது. மேலே புல், உள்ளே குப்பை.

அந்த மலை தொடக்கத்தில் அந்தக் கிராமத்துக்கு மட்டும் உரியது. வாரத்தில் நாலைந்து லொறி வந்து போகும். அகஸ்ரின் மனைவி வேரோனிக்கா கர்த்தரிடம் முறையிட்டுவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்வார். பிறகு ஒரு கம்பனி அதை வாங்கியது. நாளுக்கு நாலைந்து லொறி. கடலே இல்லாத இடத்தில் ஆயிரக்கணக்கில் கடற்காகங்கள் வந்து தக்காளிப் பாத்திக்குள் இறங்கின. காற்றடித்தால் சோளக் கொல்லை முழுக்கக் கடைப் பைகள் காய்த்துத் தொங்கின. அதில் இரண்டில் எங்கள் தமிழ்க் கடைப் பெயர் இருந்தது என்று வேரோனிக்கா சொன்னார். மழை பெய்தால் மலையின் அடியிலிருந்து கறுப்பாய் ஒரு சாறு ஊறி வாய்க்காலுக்கு வடிந்தது. அந்த வாய்க்காலில் தவளைச் சத்தம் நின்று ஒரு வருடம்.

“ஒண்டும் செய்யாது, நீர் பயப்பிடாதையும்” என்று மூர்த்தி அண்ணை சனிக்கிழமை தவறாமல் தைரியம் சொல்லிவிட்டுப் பைகளை இறக்குவார்.

96ஆம் ஆண்டு ஏப்ரலில் அகஸ்ரினுக்குக் கடிதம் வந்தது. கம்பனி இனி வருடத்துக்கு மூன்று மடங்கு குப்பை எடுக்கப்போகிறதாம். மாநகரத்து நீலப் பெட்டிகளையும் கொண்டுவந்து தரம் பிரிக்க ஒரு பெரிய கொட்டகையும் கட்டப்போகிறதாம். ஆட்சேபணை உள்ளவர்கள் விசாரணைக் குழுவின் முன் வந்து சொல்லலாமாம். அகஸ்ரின் கடிதத்தோடு வெக்ஸ்போர்டுக்கே வந்துவிட்டார்.

“அண்ணை, இப்பவே மழைக்குப் பிறகு தண்ணி ஒரு மாதிரி மணக்குது. மூண்டு மடங்கு எண்டால் கிணறு முடிஞ்சுது. கிணறு போனால் வீட்டை ஒரு நாயும் வாங்காது. எனக்கு இங்கிலிஷிலை சண்டை பிடிக்க வராது. நீங்கள் வந்து ரெண்டு வார்த்தை கதைக்கவேணும்.”

இரண்டு வார்த்தையா! மூர்த்தி அண்ணையிடமா! அன்று இரவே அவர் ஒரு மஞ்சள் பள்ளிக்கூட பஸ்ஸுக்குச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கென்று சொல்லி ஒன்பதரைக்கு முப்பத்தெட்டுப் பேர் ஏறினோம். போராட்டத்துக்குப் போகிறோமா பூங்காவுக்குப் போகிறோமா என்பது வழியில் ஒருவருக்கும் நினைவில்லை. மட்டன் றோல்ஸ் பெட்டி முன்னுக்கும் பின்னுக்கும் ஓடியது, பின் சீற்றில் 304 சீட்டாட்டம் களைகட்டியது. முதலில் அகஸ்ரின் வீட்டு வாசலில் நின்ற பஸ்ஸிலிருந்து கடைசியாக இறங்கியவை மூர்த்தி அண்ணையின் வழக்கமான மூன்று கறுப்புப் பைகள்.

“இண்டைக்குமா அண்ணை?” என்றேன்.

“சனிக்கிழமையல்லோ!” என்றார்.

விசாரணை, பனிச் சறுக்கு அரங்கோடு ஒட்டிய ஒரு மண்டபத்தில் நடந்தது. மேடையில் மூன்று பேர். நடுவில் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஓர் அம்மா தலைவி. கீழே கிராமத்து விவசாயிகள். ஒரு பக்கம் கம்பனிக்காரர், கோட் சூட்டோடு. மறுபக்கம் நாங்கள், றோல்ஸ் மணத்தோடு.

மூர்த்தி அண்ணை எழுந்தார். பேச்சென்றால் அது பேச்சு. தண்ணீர் உயிர் என்றார், மண் தாய் என்றார், எதிர்காலச் சந்ததி என்று தழுதழுத்தார். விவசாயிகள் கை தட்டினார்கள். அகஸ்ரின் கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை முடிவுக்கு நிற்கிறவர்போல் நின்றார். “ஆகவே மாண்புமிகு குழுவினரே, இந்தக் குப்பையை இங்கே கொட்டக் கூடாது” என்று அண்ணை முடித்தார்.

“நன்றி ஐயா. அப்படியென்றால் எங்கே கொட்டலாம்?” என்று கேட்டார் தலைவி.

ஒரு கணம்தான். கை நீண்டது. முகம் திரும்பியது.

“வடக்கே. இன்னும் வடக்கே. அங்கே மனிதர் இல்லை.”

மூன்றாம் வரிசையில் றப்பர் சப்பாத்துப் போட்ட ஒரு கிழவி எழுந்தார். “நான் அங்கேயிருந்துதான் வந்திருக்கிறேன். நாற்பது மாடும் ஐந்து பேரப்பிள்ளைகளும் வீட்டில் நிற்கிறார்கள்.”

மூர்த்தி அண்ணை தயங்கினாரா? இல்லை. “அப்படியென்றால் அதற்கும் அங்கால்” என்றார். மண்டபம் சிரித்தது. அகஸ்ரின் சிரிக்கவில்லை.

அடுத்தது கம்பனிக்காரர். இளம் ஆள், பல் வரிசை நன்றாக இருந்தது. மாநகரத்து நீலப் பெட்டிகளை ஏற்கனவே சில மாதம் பரீட்சார்த்தமாகப் பிரித்துப் பார்த்தார்களாம். மக்கள் கண்டதையும் போடுகிறார்களாம். ஆகவே பெரிய இடமும் பெரிய யந்திரமும் வேண்டுமாம். சாட்சிக்கு ஒரு காட்போட் பெட்டி. அதிலிருந்து சங்கிலி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார், பந்து ஒன்றை வைத்தார், மூன்றாவதாகப் பலகையும் இரும்புமாய் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார்.

“இது எங்கள் யந்திரத்தை நாலு மணித்தியாலம் நிறுத்திவிட்டது. கதிரையா, ஆயுதமா, எங்கள் எஞ்சினியர்களுக்கே தெரியவில்லை. இங்கே யாருக்காவது தெரியுமா?”

முப்பத்தெட்டுப் பேருக்குத் தெரியும். முப்பத்தெட்டுப் பேரும் கூரையைப் பார்த்தோம். மூர்த்தி அண்ணை கூரையில் ஏதோ ஓட்டை கண்டுபிடித்தவர்போல் அதிலேயே நின்றார்.

ரதி அக்கா எழுந்தார். அவர் ஒரு கூட்டத்தில் எழுந்து நான் அதற்கு முதல் பார்த்ததில்லை.

“தேங்காய் திருவுகிறது. இதில் குந்தவேண்டும், இதில் திருவவேண்டும். எங்களுடையது” என்றார், சின்னச் சின்ன இங்கிலிஷில். “என் கணவர் போட்டவர்.”

“ஏன் போட்டார், அம்மா?” என்று கேட்டார் தலைவி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு.

“வாசலில் பெட்டி இருந்தது.”

மண்டபம் குலுங்கியது. தலைவி சிரித்துக்கொண்டே கம்பனிக்காரர் பக்கம் திரும்பினார். “பத்துப் பெட்டி வந்தால் எத்தனை பெட்டி இப்படிப் பிரயோசனமில்லாமல் போகிறது?”

“ஒரு... மூன்று.”

“அந்த மூன்றும் எங்கே போகும்?”

“அங்கே” என்றார் கம்பனிக்காரர், யன்னல் பக்கம் கையை நீட்டி, முகத்தை மற்றப் பக்கம் திருப்பி. யன்னலுக்கு வெளியே மலை தெரிந்தது. அந்தப் பிள்ளையும் நம்மவர்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த இனத்துக்குத் தோல் நிறம் கிடையாது. தலைவி எதையோ குறித்துக்கொண்டார். “அப்படியென்றால் கொட்டகை வழியாக வருவதும் அந்தக் குழிக்குத்தான் போகிறது” என்றார். அதுவரை கொட்டகையை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

குழு கலைந்தது, தீர்ப்பு பிறகு தபாலில் வரும். எல்லோரும் அகஸ்ரின் வீட்டுக்குப் போனோம். நாற்றம் இல்லாத நாள், வெயில், புல் எல்லாம் அழகு. வேரோனிக்கா பெரிய தட்டத்தில் தேத்தண்ணி கொண்டுவந்தார். முப்பத்தெட்டு வெள்ளை றெஜிபோம் கப், இஞ்சி போட்ட பால் தேத்தண்ணி, ஆவி பறந்தது.

வந்த வீட்டில் தேத்தண்ணி மறுப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று தமிழனுக்குச் சொல்லித் தரவேண்டுமா? செருப்பைக் கழற்றாமல் சாமியறைக்குள் போகலாம், அதைச் செய்யக் கூடாது. ஆனால் அன்று ஒருவர் ‘இப்பதான் குடிச்சனான் பிள்ளை’ என்றார், இன்னொருவர் விரதம் என்று விட்டு றோல்ஸைக் கடித்தார், ஒருவருக்குப் பாலே ஒத்துக்கொள்ளாதாம், ஒருவர் தனக்குச் சுகர் என்றார், இரண்டு பெண்கள் திடீரென்று தக்காளிப் பாத்தியைப் பார்க்கவேண்டுமென்று நடந்துவிட்டார்கள், மூர்த்தி அண்ணை கப்பைக் கையில் எடுத்து, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, கிணறுகளின் வரலாற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினார். தட்டம் முற்றத்து மேசையில் நிறைந்தபடி இருந்தது. பாலில் ஆடை படர்ந்தது.

வேரோனிக்கா கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார்.

“கடையிலை வாங்கின தண்ணியிலைதான் போட்டனான்” என்றார். கோபமே இல்லை. “கிணத்துத் தண்ணியை உங்களுக்குக் குடுப்பனே?”

அதன் பிறகு எல்லாக் கைகளும் தட்டத்துக்கு நீண்டன. அதுதான் இன்னும் வெட்கக்கேடு. அகஸ்ரின் வேலிப் பக்கம் போய் நின்றுகொண்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, பார்க்கவுமில்லை. குடித்து முடித்த மூர்த்தி அண்ணை வெறும் கப்பை ஏந்திக்கொண்டு அவரிடம் போனார்.

“தம்பி அகஸ்ரின், உதை எங்கை போடுறது?”

அகஸ்ரின் அவரைப் பார்த்தார், கப்பைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியாமல், வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் ஓடச் சிரித்தார். “போடாதேங்கோ அண்ணை. கையிலையே வைச்சிருங்கோ” என்றார்.

முப்பத்தெட்டுக் கப்பும் மூன்று கறுப்புப் பைகளும் எங்கள் பஸ்ஸிலேயே ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்தன. ரதி அக்கா அவற்றைக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தார். வெள்ளிக்கிழமை காலை லொறிக்கு அவரே கொண்டுபோய் வைத்தார். லட்சுமி எங்கும் போகவில்லை, விசாரித்துவிட்டேன்.

ஆறு கிழமை கழித்துத் தீர்ப்பு வந்தது. மூன்று மடங்கு இல்லை, ஒன்றரை மடங்கு. புதுக் குழி தோண்டினால் சாறு வடியாமல் அடியில் தடித்த பிளாஸ்ரிக் விரிக்கவேண்டும். கொட்டகைக்கு இப்போதைக்கு அனுமதி இல்லை. சுற்றியுள்ள ஒன்பது வீட்டுக் கிணறுகளை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கம்பனி தன் செலவில் பரிசோதிக்கவேண்டும். முழு வெற்றி இல்லை, ஆனால் அகஸ்ரின் வீடு தப்பியது. மூர்த்தி அண்ணை இப்போது போகிற இடமெல்லாம் “அந்தத் திருவலையை நான் வேணுமெண்டுதான் போட்டனான். அவங்கடை மெஷினைச் சோதிக்க” என்று சொல்லி வருகிறார். நம்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

போன கிழமை அகஸ்ரின் தொலைபேசி எடுத்தார். கிணற்றுப் பரிசோதனைக் கடிதம் வந்ததாம்; தண்ணீர் நல்லதாம், பயமில்லாமல் குடிக்கலாமாம். மகளுக்கு வருகிற மாதம் தேவாலயத்தில் முதல் நன்மைக் கொண்டாட்டம். எல்லோரும் வரவேண்டும், இந்த முறை வேரோனிக்கா சொந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் தேத்தண்ணி போடுவார் என்று ஆசையாகச் சொன்னார். “பிந்தாமல் வாறன்” என்று நானும் சொல்லிவிட்டேன்.

வாசகரே, அன்று தனக்குச் சுகர் என்று சொன்னவர் நான்தான். எனக்கு ஒரு சுகரும் இல்லை. இவ்வளவு நேரமும் மூர்த்தி அண்ணையைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்த உங்களுக்கு என்னைவிட நல்ல நெஞ்சு இருக்குமென்று நம்புகிறேன். பஸ்ஸில் ஒரு சீற் வெறுமையாக இருக்கிறது, வாருங்கள். வேரோனிக்கா தட்டத்தோடு வரும்போது முதல் கப்பை நீங்கள்தான் எடுத்துக் குடிக்கவேண்டும்; நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

என்ன, உங்களுக்கும் இப்போதே சுகர் வந்துவிட்டதோ?